நானூற்று முப்பத்திரண்டு கோடி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே கணிதம் பற்றிச் சிறிது பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தபொழுது, "சமய மேடையிற் கணிதமா?" என்று தோழர் சிலர் நகைத்தனர். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். நாம் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு நிற்கும்பொழுது, குருக்களய்யா சங்கற்பஞ் செய்கின்றார். இன்ன கற்பம், இன்ன மனுவந்தரம், இருபத்தெட்டாவது சதுர்யுகத்துக் கலியுகம் என்று காலத்தின் முகவரியைச் சொன்ன பின்னரே நமது பெயரையும் நட்சத்திரத்தையுஞ் சொல்லுகின்றார். அந்தக் கற்பம் என்பது 4,320,000,000 ஆண்டு. அஃதாவது நானூற்று முப்பத்திரண்டு கோடி. ஆகவே நாம் அருச்சனை செய்விக்குந்தோறும் ஒரு பேரெண்ணுக்குள் நிற்கின்றோம். அவ்வெண்ணைத் திறந்து பார்ப்பதே இன்று எமது நோக்கம்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு இதே போன்றதொரு கூட்டத்தில் யாம் பெரிதும் மதிக்கும் பெரியவர் ஒருவர் பேசினார். "பூமியின் வயது 454 கோடி ஆண்டென்று விஞ்ஞானிகள் இன்று சொல்லுகின்றார்கள், நம் முன்னோர் கருவியொன்றுமின்றி 432 கோடி என்று அன்றே சொல்லிவிட்டார்கள்" என்றார். சபை ஆரவாரித்தது. யாமும் கை நோகத் தட்டினோம். கூட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், கூட வந்த பாடசாலைத் தம்பி ஒருவன், "அண்ணை, மிச்சம் இருபத்திரண்டு கோடி எங்கை போச்சுது?" என்று கேட்டான். எமக்கு மறுமொழி வரவில்லை. சர்வகலாசாலையிற் கணிதம் படிக்கிறோம் என்று பெயர். வாய் திறக்க முடியவில்லை. அவனுடைய கேள்விக்குப் பிந்திக் கிடைத்த மறுமொழியே இவ்வுரை.

ஓர் எண்ணின் இயல்பை அறியவேண்டுமாயின், அதனை உடைத்துப் பார்க்கவேண்டும். தன்னாலும் ஒன்றாலும் அன்றிப் பிறிதொன்றால் மீதியின்றி வகுபடாத எண்ணை முதன்மை எண் என்பர்: 2, 3, 5, 7, 11, 13 என இவை செல்லும். எந்த முழு எண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு வகையாலேதான் எழுதலாம். வீட்டுக்குக் கல்லைப் போல எண்ணுக்கு இவை. நமது எண்ணை உடைத்தால், 2 பதினொரு முறையும், 3 மூன்று முறையும், 5 ஏழு முறையும் வருகின்றன. அஃதாவது 2048ஐ 27ஆற் பெருக்கி, வந்ததை 78,125ஆற் பெருக்கினால் 432 கோடி. அவ்வளவே. 7 இல்லை, 11 இல்லை, 13 இல்லை. வேறெந்த முதன்மை எண்ணும் உள்ளே புகவில்லை.

இது சிறு செய்தி போலத் தோன்றும். பத்து இலக்கமுள்ள எண்கள் மொத்தம் தொள்ளாயிரம் கோடி. அவற்றுள் 2, 3, 5 என்னும் மூன்று கற்களால் மாத்திரம் கட்டப்பட்டவை ஏறக்குறைய ஐந்நூறே. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பத்திலக்க எண்ணை எடுப்பவனுக்கு இத்தகைய எண் அகப்படுதல், கடற்கரை மணலில் விழுந்த மூக்குத்தி அகப்படுவது போலத்தான். ஆகவே இவ்வெண் எதையோ அளந்தபொழுது தானாக வந்து விழுந்த எண் அன்று. யாரோ வேண்டுமென்றே கட்டிய எண். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இப்படிக் கட்டப்பட்டமையால் இது எத்தனை எண்களால் வகுபடும்? பன்னிரண்டையும் நான்கையும் எட்டையும் பெருக்கினால் விடை வரும்: 384. (ஒவ்வொரு முதன்மை எண்ணும் வந்த முறையோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குவது முறை.) அந்த 384தானும் இதனை மீதியின்றி வகுக்கும், ஈவு 11,250,000. இஃது எல்லா எண்களுக்கும் வாய்க்கும் குணமன்று.

கிரேக்க தேசத்துக் கணிதர் எண்களை மூவகையாகப் பிரித்தனர். ஓர் எண்ணை வகுக்கும் எண்களுள் அதனைத் தவிர்ந்த ஏனையவற்றைக் கூட்டினால் அவ்வெண்ணே வருமாயின் அது நிறையெண். 1, 2, 3 கூடினால் 6. ஆகவே ஆறு நிறையெண். 28உம் அத்தகையதே. கூட்டுத்தொகை குறைந்தால் குறையெண், மிகுந்தால் மிகையெண். நமது எண்ணின் கூட்டுத்தொகை 11,676,052,800. தன்னைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல்! இதனை மிகையெண் என்னாது வேறென்ன என்பது?

இன்னொன்று: இலக்கங்களைக் கூட்டினால் 9 வருகிறது, ஆதலால் இது தெய்விக எண் என்பார் உளர். அன்பர்களே, ஒன்பதால் வகுபடும் எந்த எண்ணிலும் அது நிகழும். அறுபத்துமூன்று நாயன்மாரிலும் நிகழும். சந்தையில் வாங்கிய அறுபத்துமூன்று தேங்காயிலும் நிகழும். பத்தால் எண்ணுகின்றவர்க்கு ஒன்பது செய்யும் விளையாட்டு அது. எட்டால் எண்ணும் மக்கள் இருந்தால் அவர்களுக்கு ஏழு அவ்வாறு விளையாடும்.

ஏழு என்றதும் ஒரு சுவையான செய்தி. ஒரு கற்பத்துக்கு ஆயிரம் மகாயுகம். அதனுட் பதினான்கு மனுக்கள் ஆளவேண்டும். ஆனால் பதினான்கிற்குள் ஏழு இருக்கின்றது. ஆயிரத்துக்குள் ஏழு இல்லை. பங்கு பிரிக்க முடியாது. நம் முன்னோர் என்ன செய்தார்கள்? ஒரு மனுவுக்கு 71 மகாயுகம் என வைத்தார்கள்; பதினான்கு மனுக்களுக்கும் 994. மிச்சம் ஆறு. மனுவந்தரங்களின் முன்னும் பின்னும் இடையுமாகச் சந்திக்காலங்கள் பதினைந்து அமைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு கிருதயுக அளவு, அஃதாவது 1,728,000 ஆண்டு. கிருதயுகம் மகாயுகத்திற் பத்தில் நாலு பங்கு. பதினைந்து நாலு அறுபது. பத்தால் வகுக்க ஆறு. கணக்கு நேராயிற்று. இதனை முதன்முறை காகிதத்திற் போட்டுப் பார்த்தபொழுது, இதைச் செய்த அந்தப் பெயர் தெரியாத கணக்கரைக் கண்டு கும்பிடவேண்டும்போல் இருந்தது.

ஆரியபட்டர் வேறு வழி சென்றார். கற்பத்துக்கு ஆயிரத்தெட்டு மகாயுகம், மனுவுக்கு 72 என்று வைத்துவிட்டார். 14ஐ 72ஆற் பெருக்கினால் 1008, சந்தியே வேண்டாம். அன்றியும் 1008 ஏழால் வகுபடுமாதலின், அவர் கற்பத்துள் வாரங்கள் முழுமையாக அடங்கும். ஒரு கற்பம் எக்கிழமை தொடங்கியதோ மறு கற்பமும் அக்கிழமையே தொடங்கும். யுகம் நான்கையும் 4, 3, 2, 1 என்ற விகிதத்தில் வையாது, ஒவ்வொன்றும் 1,080,000 ஆண்டெனச் சமமாக வைத்தார். இதற்காகப் பின்வந்த பிரமகுத்தர் அவரைக் கண்டித்தார், மரபை மீறினார் என்று. நம் முன்னோர் எல்லாரும் ஒரே குரலிற் பேசினர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் எமக்கு இந்தச் சண்டை மிகவும் பிடித்திருக்கின்றது.

சரி, 432 என்னும் இவ்விதை எங்கிருந்து வந்தது? சதபத பிராமணத்திலே, பிரஜாபதி இருக்குகளைப் பன்னிரண்டாயிரம் பிருகதி அளவாக வகுத்தார் என்று ஒரு செய்தி உண்டு. ஒரு பிருகதிக்கு எழுத்து 36. ஆக 432,000 எழுத்து. கலியுகத்தின் ஆண்டுத்தொகையும் 432,000. அதே நூல் ஆண்டொன்றுக்கு 10,800 முகூர்த்தம் என்கிறது: 360 நாள், நாளுக்கு 30 முகூர்த்தம். பன்னீராயிரம் தேவ ஆண்டை 360ஆற் பெருக்கினால் மகாயுகத்தின் 4,320,000 ஆண்டு. கடலுக்கு அப்பால், பபிலோனிய நாட்டுக் குருவாகிய பெரோசசு என்பார் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதிய சரித்திரத்தில், பிரளயத்துக்கு முன் அரசர் பதின்மர் ஆண்ட காலம் 432,000 ஆண்டென்றார். அவருடைய அளவு 3,600 ஆண்டு கொண்டது, அது நூற்றிருபது. யார் யாரிடம் பெற்றார் என்று இம்மேடையில் வழக்குரைக்க யாம் வரவில்லை. 432,000 என்பது 60ஐ 60ஆல், பின்னும் 60ஆற் பெருக்கி இரட்டித்தது. அறுபதால் எண்ணியவர் எவரும் இவ்வெண்ணைக் கையில் எடுத்தல் இயல்பே. நமது நாளுக்கு நாழிகை அறுபது, நாழிகைக்கு விநாடி அறுபது.

இனி வானத்துக்கு வருவோம். ஆரியபட்டர் கலி 3600 சென்றபோது, அஃதாவது கி.பி. 499இல், தமக்கு வயது இருபத்துமூன்று என்று தம் நூலிலே குறித்திருக்கின்றார். இச்சபையில் இருக்கும் தோழர் பலருக்கும் அவ்வயதே. (எம்மை நாமே ஒப்பிட்டு வருந்தவேண்டாம்.) அவர் ஒரு மகாயுகத்தில் ஞாயிறு 4,320,000 சுற்று என்றும், திங்கள் 57,753,336 சுற்று என்றும், சனி 146,564 சுற்று என்றும் எழுதினார். பூமி தன்னைத்தானே சுற்றுவது 1,582,237,500 முறை என்றும் எழுதினார். பின்னதிலிருந்து ஞாயிற்றின் சுற்றுக்களைக் கழித்தால் நாட்தொகை கிடைக்கும்: 1,577,917,500.

இந்த நாட்தொகையை முன்போல உடைத்துப் பாருங்கள். 2 இரண்டு முறை, 3 ஒரு முறை, 5 நாலு முறை, அப்பால் 61, அப்பால் 3449. மூவாயிரத்து நானூற்று நாற்பத்தொன்பது! அது முதன்மை எண். எந்தப் பக்கத்தாற் பிடித்தாலும் வகுபடாது. எந்தக் கணக்கன் விரும்பி இத்தகைய முரட்டுக் கல்லைத் தன் சுவரில் வைப்பான்? அவர் விரும்பி வைக்கவில்லை, வானம் வைத்தது. ஆண்டின் எண்ணிக்கை மனிதன் தன் வசதிக்கு வகுத்த பாத்திரம். ஆதலால் அது வழுவழுப்பாக இருக்கின்றது. நாளின் எண்ணிக்கை அப்பாத்திரத்தில் வானம் வார்த்தது. ஆதலால் அது கரடுமுரடாக இருக்கின்றது. எம்மைத் தூங்கவிடாது செய்த உண்மை இதுதான்.

திங்களையும் பார்ப்போம். திங்களின் சுற்றிலிருந்து ஞாயிற்றின் சுற்றைக் கழித்தால் மகாயுகத்துச் சந்திர மாதங்கள்: 53,433,336. நாட்தொகையை இதனால் வகுத்தால், அமாவாசைக்கு அமாவாசை 29.530582 நாள். இக்காலத்து வானநூலார் கொள்ளும் சராசரி 29.530589. வேறுபாடு ஒரு செக்கனிலுங் குறைவு. தொலைநோக்கிக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கிடைத்த அளவு இது. பெருமைப்பட வேண்டுமாயின், ஐயா, இதற்குப் பெருமைப்படுவோம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. திங்களின் சுற்று, சனியின் சுற்று, வியாழனின் 364,224, செவ்வாயின் 2,296,824: இவை அனைத்தும் நான்கால் வகுபடுகின்றன. ஏன்? யுகம் நான்கையும் சமமாக்கியபடியால், ஒவ்வொரு யுகத் தொடக்கத்திலும் கோள்கள் மேடமுதலில் ஒன்றுகூட வேண்டும் என்று அவர் கொண்டார். பிரமகுத்தர் கண்டித்த அந்தச் சமப்பங்கீட்டின் பயன் இங்கே தெரிகின்றது. அவ்வளவு பேரெண் எதற்கு என்ற கேள்விக்கும் இதுவே விடை. வெவ்வேறு வேகத்தில் ஓடுங் கோள்களின் சுற்றுக்களைப் பின்னமின்றி முழு எண்ணால் எழுதவேண்டுமாயின், மிகப்பெரியதும் எளிதில் வகுபடுவதுமான ஒரு காலப்பரப்பு வேண்டும். தசமப் புள்ளி வழங்காத காலத்தில் யுகமே அவர்களுடைய தசமப் புள்ளி.

இப்பொழுது தம்பியின் கேள்விக்கு வருவோம். 432 கோடி என்பது பிரமாவின் ஒரு பகலின் முழு அளவு, சென்ற காலமன்று. நம் மரபின்படி இக்கற்பத்திற் சென்றது எவ்வளவு? ஆறு மனுக்களும் ஏழு சந்திகளும் கழிந்தன. ஏழாம் மனுவில் 27 மகாயுகம் கழிந்தது. இருபத்தெட்டாவதிற் கிருதம், திரேதம், துவாபரம் கழிந்தன. கூட்டினால் கலி பிறந்தபொழுது 1,972,944,000 ஆண்டு. கலி பிறந்து ஐயாயிரத்து நூறு ஆண்டுக்கு மேலாயிற்று. அதனைக் கூட்டினும் நூற்றுத்தொண்ணூற்றேழு கோடிச் சொச்சந்தான். பூமியின் வயதாகச் சொல்லப்படும் 454 கோடியிற் பாதிகூட இல்லை. ஆகவே, தம்பி, குறைவது இருபத்திரண்டு கோடி அன்று, ஏறக்குறைய இருநூற்றைம்பத்தேழு கோடி. ஒப்பிட்ட இடமே பிழை. குருக்களய்யா நாள்தோறும் சொல்லும் முகவரியை நாம் உற்றுக் கேட்டிருந்தால் இப்பிழை நேர்ந்திராது.

1980இல் கார்ல் சேகன் என்னும் அமெரிக்க வானநூலார் தமது தொலைக்காட்சித் தொடரில், இந்து சமயத்தின் காலக்கணக்கு இக்கால வானநூலின் கணக்கோடு ஒத்திருப்பதைப் பாராட்டினார். ஆனால் அது தற்செயலே என்பதையும் அவ்விடத்திலேயே சொன்னார். மேடைகளில் நாம் முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை வழியில் விட்டுவிடுகின்றோம்.

பெரியவர் மனம் நோகப் பேசுவது எமது எண்ணமன்று. ஆயினும் இந்த வழி அபாயமானது என்பதை அவர் அறியவேண்டும். மிசன் பாடசாலையிற் படித்த நாட்களில், நூலகத்தில் இருந்த பழைய விவிலியம் ஒன்றின் ஓரத்திலே, உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004 என்று அச்சிட்டிருந்ததைக் கண்டோம். அயர்லாந்துப் பேராயர் அசர் 1650இல் வெளியிட்ட கணக்கு அது. அதனை நம்பிக்கையோடு கட்டிவைத்தவர்கள் பின்னர் பட்ட பாட்டை யாம் வரலாற்று வகுப்பிற் கேட்டோம். 1862இல் கெல்வின் பிரபு என்று பின்னாளில் அறியப்பட்ட விஞ்ஞானி பூமியின் வயதை இரண்டு கோடியிலிருந்து நாற்பது கோடி ஆண்டுக்குள் வைத்தார். அந்நாளில் எமது சங்கம் இருந்து, நமது சமயம் விஞ்ஞானத்தோடு ஒக்கும் என்று பறையடித்திருந்தால், 432 கோடியை எங்கே ஒளித்திருப்போம்? 1956இல் அமெரிக்கராகிய கிளேயர் பற்றர்சன், விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து 455 கோடி என்றார். அதன் பின்னரே நமக்குப் பெருமை பேச இடம் வந்தது. பிறர் கையிலுள்ள அளவுகோல் நீளுந்தோறும் குறுகுந்தோறும் நமது சமயம் மெய்யாவதும் பொய்யாவதும் தகுமா? சைவசித்தாந்திகள் காலத்தை முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்றாக வைத்து, மாயையின் காரியம் என்று சொல்லி, இறைவனை அதற்கு அப்பால் நிறுத்தினார்கள். அவனுக்கு 432 கோடியும் ஒன்றுதான், 454 கோடியும் ஒன்றுதான்.

மறுபக்கத்துத் தோழருக்கும் ஒரு வார்த்தை. இவை யாவும் பாட்டி கதை என்று எள்ளி நகையாடும் எம்மொத்தவர்க்குச் சொல்லுகின்றோம். 3449ஐ வானத்திலிருந்து இறக்கியவர்கள் கதை பேசிக்கொண்டிருக்கவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து அளந்தார்கள். பகலெல்லாம் இருந்து வகுத்தார்கள்.

அவ்வளவை இன்றும் நாம் வீட்டிலே வைத்திருக்கின்றோம். நாட்தொகை 1,577,917,500ஐயும் ஆண்டுத்தொகை 4,320,000ஐயும் இரண்டுக்கும் பொதுவான 7500ஆல் வகுத்தால், 210,389உம் 576உம் நிற்கும். இவற்றுக்கு மேல் சுருங்காது. 576 ஆண்டுக்கு 210,389 நாள். ஏழாம் நூற்றாண்டிலிருந்த முதலாம் பாஸ்கரர் குட்டகம் என்னும் கணக்கில் ஞாயிற்றுக்கு இவ்விரண்டையுமே எடுத்தாண்டார். ஆண்டொன்றுக்கு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. வாக்கிய பஞ்சாங்கத்தின் ஆண்டு இதுவே. மணிக்கணக்கிற் சொன்னால் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 செக்கன். விண்மீன்களை வைத்து இன்று அளந்த ஆண்டோ 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 செக்கன். ஆண்டொன்றுக்கு மூன்று நிமிடம் இருபது செக்கன் மிகை. ஆரியபட்டர் காலத்திலிருந்து இன்றுவரை திரண்டு மூன்றரை நாளாகிவிட்டது. சித்திரைப் புத்தாண்டு தோறும் வாக்கியமா திருக்கணிதமா, மருத்துநீர் வைப்பது எந்நேரம் என்று நமது வீடுகளில் எழும் வழக்கின் வேர்களுள் இந்த மூன்று நிமிடமும் ஒன்று.

அவ்வழக்கை இம்மேடையில் தீர்க்க எமக்கு வயதும் இல்லை, அறிவும் இல்லை. பஞ்சாங்கங் கணிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைச் சங்கத்துக்கு அழைப்போம் என்று செயலாளரிடங் கேட்டிருக்கின்றோம். அவர் 576இல் தொடங்கிக் கணக்கை எமக்குப் போட்டுக் காட்டட்டும். கரும்பலகை சங்க மண்டபத்தில் இருக்கின்றது. வெண்கட்டி யாம் கொண்டுவருவோம். கேள்வி கேட்ட தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கின்றான்.